தாயும் சேயும் கணக்கேடும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து வைக்கின்றார். நோயாளி ஒன்று, நோய் தீர்க்கும் வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து பணிபுரிபவன் ஒன்று. முதல் மூன்றையும் பற்றி உலகம் வேண்டிய மட்டும் பேசியிருக்கின்றது. நான்காவதைப் பற்றிப் பேசியவர் சிலரே. அருகிலிருந்து பார்ப்பவரும், பார்த்ததைக் குறித்து வைப்பவரும் மருத்துவத்திற்கு அப்படி என்ன செய்துவிட முடியும் என்று கேட்போருக்கு, நம் காலத்தில் நடந்த ஒரு வரலாற்றையே விடையாகச் சொல்லலாம். எச்.ஐ.வி. என்னும் கிருமி தாயிடமிருந்து சேயிடம் செல்லாது தடுத்த வரலாறு அது.

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதியைப் பலரும் மாணிக்கக் கற்களுக்காகவே அறிவர். அங்கே வயலுக்கடியில் மாணிக்கக் குழிகள் உண்டு. மேட்டு நிலத்தில் தேயிலையும் இறப்பரும் உண்டு. அவற்றினிடையே நம் மக்கள் வாழும் லயன்கள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணோ, பால் வெட்டும் பெண்ணோ கருவுற்றால் அவளுடைய பெயர் இரண்டு ஏடுகளில் இருக்கும். ஒன்று தோட்டத்துச் செக்ரோல். அதில் அவளுடைய உழைப்பு நாளும் பேரும் அரைப் பேருமாக எழுதப்படுகின்றது. மற்றது மருத்துவமாதின் ஏடு. அதில் அவளுடைய எடை, இரத்த அழுத்தம், வயிற்றின் வளர்ச்சி, பிறக்கப்போகும் குழந்தையின் நாள் ஆகியன எழுதப்படுகின்றன. முதல் ஏட்டைக் குறித்து நாம் சங்கங்களில் பேசியிருக்கின்றோம், கதைகளிலும் எழுதியிருக்கின்றோம். இரண்டாவது ஏட்டைக் குறித்தே இங்கு நான் எழுதப் புகுந்தேன்.

கிளினிக்குக்கு வரும் தாயிடமிருந்து ஆரம்பத்திலேயே சிறிது இரத்தம் எடுக்கின்றனர். அது மேக நோய்க்காகவும் எச்.ஐ.வி.க்காகவும் பரிசோதிக்கப்படுகின்றது. அந்தச் சிறு குழாய் இரத்தத்தின் பின்னால் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கால உலக ஆராய்ச்சி நிற்கின்றது என்பதை அந்தத் தாய் அறியாள். அவளுடைய பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் நாமாவது அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

நோயும் முதல் மருந்தும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டில், சென்னையிலே. சென்னை மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. மறு ஆண்டு, 1987 இல், இலங்கையிலும் அக்கிருமி கண்டறியப்பட்டது.

இக்கிருமி தாயிடமிருந்து குழந்தைக்கு மூன்று காலங்களில் செல்லக்கூடும்: கருவிலிருக்கும்போது, பிறக்கும்போது, பாலருந்தும்போது. யாதொரு தடுப்பும் இல்லையாயின், கிருமியுள்ள தாய்மார் நூறு பேரின் குழந்தைகளில் 15 முதல் 45 வரையினரை அது பற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. அவ்வாறு பற்றப்பட்டுச் சிகிச்சையும் பெறாத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை.

1994 ஆம் ஆண்டில் முதல் ஒளி தோன்றியது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஒரு சோதனையில், தாய்மாரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு சிடோவுடீன் என்னும் மருந்தும், மறு பகுதியினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்தனர். வெறும் மாத்திரை பெற்றோரின் குழந்தைகளில் நூற்றுக்கு 25.5 வீதம் கிருமி தொற்றியது. மருந்து பெற்றோரிடம் அது 8.3 வீதமாகக் குறைந்தது. மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் தப்பினர்.

பின்னர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. கருவுறுமுன்பே சிகிச்சை தொடங்கி, கருக்காலம் முழுவதும் தொடர்ந்து, பிரசவ வேளையில் இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி அடங்கியிருந்த தாய்மாரின் 2651 குழந்தைகளைப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து 2015 இல் முடிவை வெளியிட்டனர். அந்த 2651 பேரில் ஒருவருக்கேனும் பிறப்பின்போது கிருமி தொற்றவில்லை. இது சீட்டுக் குலுக்கிய சோதனை அன்று. பார்த்துப் பார்த்து ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த ஏட்டின் பயன்.

பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியே

இவ்விடத்தில் வாசகர் ஓர் ஐயம் எழுப்பலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிப்பதே நேரிய வழி என்றால், எல்லாவற்றையும் அவ்வாறே சோதித்துவிடலாமே என்பது அவ்வையம். கருவுற்ற பெண்கள் விஷயத்தில் அது எளிதன்று. 1961 ஆம் ஆண்டில் தலிடோமைட் என்னும் மாத்திரையால் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் கைகால் குறைந்து பிறந்த குழந்தைகளை உலகம் கண்டது. அதன்பின் புது மருந்துச் சோதனைகளில் கருவுற்ற பெண்களைச் சேர்க்க மருத்துவ உலகம் அஞ்சியது. அச்சம் நியாயமானதே. ஆயினும் அதன் விளைவு விந்தையானது. சோதனையில் சேர்க்கப்படாத அதே பெண்கள், மருந்து கடைக்கு வந்தபின் அதை உண்ணத்தான் செய்கின்றனர். சில நூறு பேரிடம் அறியாததைப் பல இலட்சம் பேரிடம் அறியவேண்டி வருகின்றது. அப்போது கைகொடுப்பது அவதானிப்பு ஆராய்ச்சி ஒன்றே: வாழ்க்கை தன் போக்கில் நடக்க, யார் எந்த மருந்தை எப்போது உண்டார், அவருடைய குழந்தை எவ்வாறு பிறந்தது என்று தவறாது குறித்து வைத்தல்.

பார்த்தறிதல் எளிதென்று எவரும் நினைத்துவிடலாகாது. கண்ணும் நம்மை ஏமாற்றும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். ஒரு தோட்டத்திலே இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உண்ட தாய்மாரின் குழந்தைகள் நல்ல எடையோடும், உண்ணாதவரின் குழந்தைகள் எடை குறைந்தும் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைதான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாமா? மாத்திரை உண்டவர்கள் கிளினிக்குக்கு அருகிலுள்ள லயனில் இருப்பவர்களாயிருக்கலாம். உண்ணாதவர்கள் மலையின் மேற்கணக்கில் இருந்து, கொழுந்துக் கூடையைக் கடைசி மாதம் வரை சுமந்தவர்களாயிருக்கலாம். வீட்டில் அரிசி குறைந்தவர்களாயும் இருக்கலாம். அப்படியானால் நாம் மாத்திரையை அளக்கவில்லை. வறுமையையும் தூரத்தையும் அளந்துவிட்டு அதற்கு மாத்திரையின் பெயரைச் சூட்டியிருக்கின்றோம். ஒன்று மற்றொன்றின் வேடத்தில் வந்து மயக்கும் இந்த மயக்கத்தைப் பிரித்தறிவதே அவதானிப்பு ஆராய்ச்சியின் முதற் பணி.

பொட்சுவானா தந்த பாடம்

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள பொட்சுவானா நாட்டில் நிகழ்ந்தது. எச்.ஐ.வி. மிகப் பரவிய சிறிய நாடு அது. அங்கே 2014 ஆகஸ்டில் ‘செபாமோ’ என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. ரெபெக்கா ஸாஷ் என்னும் வைத்திய அம்மையார் அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். முதலில் எட்டு அரசாங்க வைத்தியசாலைகள் அதிற் சேர்ந்தன. பின்னர் அவை பதினெட்டாகப் பெருகின. அங்குப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் மருத்துவமாதரே தலை முதல் கால் வரை பார்த்தனர். குறையேதும் தெரிந்தால் எழுதினர். தாயின் சம்மதத்தோடு படமும் எடுத்தனர். அப்படத்தைப் பார்த்து முடிவு கூறிய நிபுணருக்குத் தாய் எந்த மருந்து உண்டாள் என்பது தெரிவிக்கப்படவில்லை. விருப்பு வெறுப்பு கண்ணில் புகாதிருக்க அவர்கள் செய்த ஏற்பாடு அது.

அவர்கள் ஆராயத் தொடங்கியது எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்தை. கருவிலுள்ள குழந்தையின் நரம்புக் குழலை அம்மருந்து ஊறுபடுத்துமோ என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது. முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் பின்னர் வளரும் அக்குழல் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகின்றது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாத காலம் அது. ஆகவே, கருவுறும் வேளையில் எந்த மருந்து உடலில் இருந்தது என்பதே கேள்வி.

2016 இல் பொட்சுவானா அரசு டொலுட்டிகிராவிர் என்னும் புதிய மருந்துக்கு மாறிற்று. கிருமியை விரைவில் அடக்குவது, பக்கவிளைவுகள் குறைந்தது, மருந்துக்குக் கிருமி பழகிவிடுவதையும் எளிதில் விடாதது. ஆனால் 2018 மே மாதத்தில் ஏட்டைப் புரட்டியவர்கள் திடுக்கிட்டனர். கருவுறும்போதே இம்மருந்தை உண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நால்வருக்கு நரம்புக் குழற் குறை இருந்தது. அது நூற்றுக்கு 0.94 வீதம். பிற மருந்துகளை உண்டிருந்த 11,300 பேரிடம் அக்குறை பதினான்கே, நூற்றுக்கு 0.12 வீதம்.

உடனே எச்சரிக்கைகள் பிறந்தன. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இம்மருந்தைக் கொடுக்கப் பல நாடுகள் தயங்கின. ஆண்களுக்கு நல்ல மருந்து, பெண்களுக்குப் பழைய மருந்து என்ற நிலை ஏற்பட்டது. கருத்தடை செய்துகொண்டால் தருகின்றோம் என்றும் சில இடங்களில் சொல்லப்பட்டது. 2018 ஜூலையில் ஆபிரிக்க நாடுகள் பலவற்றைச் சேர்ந்த, இக்கிருமியோடு வாழும் பெண்கள் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடினர். ஆபத்தும் நன்மையும் இன்னவென்று எங்களுக்குச் சொல்லுங்கள், தெரிவை எங்களிடம் விடுங்கள் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். தங்கள் பெயரால் பிறர் அஞ்சி முடிவெடுப்பதை அவர்கள் ஏற்கவில்லை.

இங்கே நிவித்திகலப் பக்கத்து மாணிக்கக் குழி ஒன்றை நினைத்துப் பார்ப்பது பொருளை விளக்கும். குழியிலிருந்து ‘இல்லம்’ என்னும் சரளை மண்ணை எடுத்துக் கூடையிலிட்டு அரிக்கின்றனர். முதல் நாலைந்து கூடைகளில் நான்கு கல் கிடைத்துவிட்டால் குழியே மாணிக்கம் என்று மனம் துள்ளும். அனுபவமுள்ளவன் துள்ளமாட்டான், அலட்சியமும் செய்யமாட்டான். இன்னும் அரித்துப் பார்ப்பான். ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் அரிய குறையை 426 பேரைக் கொண்டு தீர்ப்பிடுவதும் அப்படிப்பட்டதே. நால்வர் என்பது தற்செயலாயிருக்கலாம். உண்மையான அபாயமாயும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை மேலும் பார்த்தால் அன்றி அறிய முடியாது.

பொட்சுவானா மருத்துவமாதர் மேலும் பார்த்தனர். 2019 இல் 1683 பிரசவங்களில் ஐந்து, நூற்றுக்கு 0.30 வீதம். 2020 இல் 3591 பிரசவங்களில் ஏழு; 0.19 வீதம். 2022 இல் 9460 பிரசவங்களில் பத்து, 0.11 வீதம். அது மற்ற மருந்துகளை உண்டவரிடம் காணப்படும் அளவேயாகும். எண்ணிக்கை பெருகப் பெருக அச்சம் கரைந்தது. 2019 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம், கருவுற்ற பெண்கள் உட்பட யாவருக்கும் இம்மருந்தை முதல் தெரிவாகப் பரிந்துரைத்துவிட்டது.

முதல் எச்சரிக்கை பொய்யான கூச்சல் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு குழந்தைகளைக் கண்டவர்கள் வாய்மூடியிருந்தால் அது குற்றமாகும். கண்டதைச் சொன்னதும் அவர்களே; சொன்னதோடு நில்லாமல் தொடர்ந்து எண்ணி, தாமே எழுப்பிய அச்சத்தைத் தாமே தணித்ததும் அவர்களே. விஞ்ஞானத்தின் ஒழுக்கம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

உயிரோடு பிறந்தால் மட்டும் போதுமா?

கிருமி தொற்றாது பிறந்த குழந்தையின் நலம் அதோடு முடிந்துவிடுவதில்லை. 1998 இல் சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியாளர், கூட்டு மருந்து உண்ட தாய்மாரிற் சிலர் குறைமாதத்தில் பிரசவிக்கின்றனர் என்று ஐயம் தெரிவித்தனர். அவர்கள் பார்த்த தாய்மார் மிகச் சிலரே. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பக்கம் ஆமென்றும் மறு பக்கம் இல்லையென்றும் நெடுநாள் விவாதம் நடந்தது. நோய் முற்றியவர்களுக்கே கூட்டு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், குறைமாதத்திற்குக் காரணம் மருந்தா, நோயா? மேலே சொன்ன மயக்கம் இங்கும் வந்து நின்றது.

இறுதியில் 2016 இல் வெளியான ஒரு பெருஞ்சோதனை பாதி விடை தந்தது. ஆபிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் தாய்மாரைப் பிரித்து நடத்திய சோதனை அது. கூட்டு மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் கிருமி தொற்றியது நூற்றுக்கு 0.5 வீதம், சிடோவுடீனையே அடிப்படையாகக் கொண்ட எளிய முறையில் அது 1.8 வீதம். ஆகவே கூட்டு மருந்தே சிறந்தது. ஆனால் சிடோவுடீன் சேர்ந்த கூட்டு மருந்தை உண்டவர்களின் குழந்தைகளில் 2500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவர் 23 வீதம். எளிய முறையில் 12 வீதம். ஒரு நன்மைக்கு ஒரு விலை இருந்தது. விலை உண்டு என்பதை மறைப்பவரும், விலைக்கஞ்சி நன்மையையே துறப்பவரும் தாய்க்கு ஒருசேரத் தீங்கிழைக்கின்றனர்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. இலங்கையில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் வீதம் தோட்டப்புறத்திலேயே உயர்ந்திருக்கின்றது. எச்.ஐ.வி. மருந்தை ஒருபோதும் தொடாத தாய்மாரின் குழந்தைகள் இவர்கள். தாயின் சிறு வயது முதற்கொண்ட போஷாக்குக் குறைவும் இரத்தச் சோகையும் உழைப்பின் கடுமையும் இதிற் கூடி நிற்கின்றன. அத்தகைய மண்ணில் ஒரு மருந்தின் விளைவை அளக்க விரும்புகின்றவர், மண்ணின் விளைவை முதலில் அளந்தாக வேண்டும். பிறநாட்டு எண்ணை அப்படியே பெயர்த்து நம் லயனின் சுவரில் எழுதிவிட முடியாது.

சுழியத்தின் பெருமை

2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேக நோயும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்பதே அது. 2015 இல் கியூபா இச்சிறப்பை முதலில் பெற்றது. 2016 இல் தாய்லாந்தும், 2019 ஜூலையில் மாலைதீவும் பெற்றன. இலங்கையில் 2017 முதல் அதுவரை அவ்வாறு எச்.ஐ.வி. தொற்றிய குழந்தை ஒன்றேனும் பதிவாகவில்லை என்று அந்நிறுவனம் கூறிற்று.

ஏட்டிலே சுழியம் எழுதுவது எளிது. பரிசோதனையே செய்யாத நாட்டிலும் சுழியம் எழுதலாம். அது அறியாமையின் சுழியம். உண்மையான சுழியத்தை எழுத, கருவுற்ற தாய்மார் யாவரையும் தேடிச் சென்று பார்த்திருக்க வேண்டும். நூறு தாய்மாரில் குறைந்தது தொண்ணூற்றைந்து பேரேனும் கிளினிக்குக்கு வந்து, பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் சிகிச்சையும் பெற்றிருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. 2019 இல் இலங்கையில் பிறந்த குழந்தைகள் மூன்று இலட்சத்துக்கு மேல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. களுத்துறையில் 1926 இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக நடந்த மருத்துவமாதரும் இல்லையாயின் இச்சுழியம் இல்லை. மழை கொட்டும் சபரகமுவவின் ஒற்றையடிப் பாதைகளில் ஏடும் தராசும் சுமந்து லயன் ஏறிய பெண்களுக்கும் அப்பெருமையில் பங்குண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

ஏடு காப்பாற்றிய குழந்தையை ஊர் கைவிடவும் கூடும். 2016 ஆம் ஆண்டில் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. உண்டென்று வதந்தி எழுந்தது. பரிசோதனையில் அவனிடம் கிருமியில்லை என்பது தெளிந்திருந்தும், மற்றப் பெற்றோரின் எதிர்ப்பினால் அவனுக்குப் பாடசாலைக் கதவு அடைபட்டது. கடைசியில் கண்டித் திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அவனிடம் கிருமி இருந்திருந்தாலும் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளைக்கு ஆபத்தில்லை. தொடுவதாலும் ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் ஒன்றாக விளையாடுவதாலும் அக்கிருமி பரவாது.

லயன் வாழ்க்கையில் ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவுக்குச் சுவரில்லாமலே கேட்கும். அங்கே ஒரு பெண்ணின் இரகசியம் ஒரு நாள் தங்குவது அரிது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ஒரு தாய் கிளினிக்கை விட்டு ஒதுங்கினாளாயின், எந்த மருந்தும் அவளை எட்டாது. எந்த ஆராய்ச்சியும் அவளைக் காணாது. அவள் ஏட்டில் இல்லாத ஒரு கோடாகிவிடுவாள். அவ்வச்சத்தைப் போக்கக் கூடியவர்கள் வைத்தியர்கள் மாத்திரம் அல்லர். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் பெண்ணும், பாடசாலையில் கணக்கும் சுகாதாரமும் கற்பிக்கும் நாமும் அப்பணிக்கு உரியவர்கள்.

உயர்வகுப்பு மாணவருக்கு வீதக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வட்டியையும் இலாபத்தையும் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, பொட்சுவானாவின் நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும்: 426 இல் நான்கு, 1683 இல் ஐந்து, 3591 இல் ஏழு, 9460 இல் பத்து. முதலெண்ணை மட்டும் பார்த்து நீ என்ன முடிவு செய்திருப்பாய் என்று மாணவனைக் கேட்கட்டும். அந்த முடிவினால் எந்தப் பெண் எந்த மருந்தை இழந்திருப்பாள் என்றும் கேட்கட்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் எண்ணை மதிக்கக் கற்பான். எண்ணுக்குப் பின்னாலிருக்கும் தாயை மதிக்கவும் கற்பான்.